ஒற்று மிகும் இடங்கள்

லைப்சிக் நகரின் மேற்கே, பிளாக்விட்ஸில்
மூன்றாம் மாடிக்குக் குடிவந்த வாரம்
சுவர்த்தாளை நனைத்து நனைத்து உரித்தோம்,
நானும், மணிக்குப் பதினெட்டு யூரோ கேட்ட டெட்லெஃப்பும்.
பச்சைப் பூக்களுக்கு அடியில் பழுப்புக் கோடுகள்.
பழுப்புக் கோடுகளுக்கு அடியில்
எழுத்து.

சுவர் நெடுக எழுத்து. தலைகீழாய், பக்கவாட்டில்,
பாதி பசையில் கரைந்து.
"மக்குலாட்டூர்" என்றான் டெட்லெஃப்.
வீணாய்ப்போன அச்சுத்தாளுக்கும்
சுவர்த்தாளுக்கு அடியில் ஒட்டும் தாளுக்கும்
அவன் மொழியில் ஒரே சொல்லாம்.
சொல்லிவிட்டுப் புகைக்கப் போனான்.

நான் மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவள்.
சிவப்புப் பென்சிலைக் கண்டால் கண் தானாக நிற்கும்.

பத்தாம் வகுப்பு வரலாறு. கடைசிப் பாடம்.
ஒரே பக்கம், நான்கு மெய்ப்பு.
1989 அக்டோபர் 4:
தலைவர் பெயருக்கு முன்னால் "நம்" என்றிருக்கிறது.
அதன்மேல் கோடில்லை. ஒரு கேள்விக்குறி,
கொசுவளவு.
அக்டோபர் 11: "நம்" போயிற்று.
அக்டோபர் 19: வினைச்சொல்லின் காலத்தை மாற்றியிருக்கிறாள்.
என் மொழியில் "கிறா" போய் "னா" வந்தால்
வழிநடத்துகிறார் வழிநடத்தினார் ஆகிவிடுவார்.
ஓர் ஆட்சிக்கு அவ்வளவுதான் செலவு.
நவம்பர் 10: பத்தி முழுக்கக் குறுக்குக் கோடு,
தாள் கிழிந்திருக்கிறது.

கீழ் மூலையில் சுருக்கொப்பம்: ஹெ. வோ.

முதல்மாடி ஹென்னிங்குக்குத் தெரிந்திருந்தது.
"ஹெல்கார்ட் வோய்க்ட். அச்சகத்துக்காரி. தனிக்கட்டை.
அந்த இலையுதிர் காலத்தில் திங்கள்தோறும்
ஐந்தேகாலுக்கு இறங்குவாள். சாம்பல் கோட்டு.
பையில் மெழுகுவத்தி இரண்டு.
பத்தே முக்காலுக்குத் திரும்புவாள்.
ஒரு திங்கள் மட்டும் ஒரு காலில் செருப்பில்லை."
இவ்வளவு துல்லியம் எப்படி என்று நான் கேட்கவில்லை.
அவரும் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்,
சர்க்கரை போடாத காப்பியை.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று
பள்ளியில் பிரம்படியோடு மனப்பாடம்.
ஒற்று என்றால் மெய்யெழுத்து.
ஒற்று என்றால் வேவு.
படியேறும்போது கதவுகளை எண்ணினேன்.
எந்தக் கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவில்
எத்தனை ஒற்று மிகுந்ததோ அந்நாளில்.

திரும்பவும் அந்த நவம்பர் தாள்.
அடித்த வரிகளில் ஒரு சொல்லுக்கு மட்டும்
அடியில் வரிசையாய்ப் புள்ளிகள்.
அவர்கள் முறைப்படி
அடித்த சொல்லுக்கு அடியில் புள்ளி வைத்தால்
அது மீண்டும் உயிர்க்கும்.
எங்களுக்கோ எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் மிஞ்சும்.

எந்தச் சொல் என்று கேட்பீர்கள்.
"மக்கள் அனைவரும் ஒருமனதாக" என்று தொடங்கும் வரியில்
முதல் சொல்.

பசைத் துளியாகவும் இருக்கலாம்.
கைவிளக்கைச் சாய்த்துப் பார்த்தேன், நேராகப் பார்த்தேன்,
எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன்.
விரலில் சிவப்பு வந்தது, லேசாக.
செங்கல் தூளும் சிவப்புதான்.

அந்தப் புத்தகம் அச்சேறவில்லை.
பாடமே இல்லாமல் ஒரு வருடம் பிள்ளைகள்
வரலாறு படித்தார்களாம். டெட்லெஃப் அதில் ஒருவன்.
"நல்ல வருடம்" என்றான்.

என் மேசையில் சென்னையிலிருந்து வந்த கோப்பு,
ஏழாம் வகுப்பு, நாளை மாலைக்குள்.
ஓர் ஆலை வேலைநிறுத்தம் நான்கு வரியில் இருக்கிறது.
"ஒரு வரியாக்கவும்" என்று ஓரத்தில் மஞ்சள் குறிப்பு.
யார் எழுதியது என்று இல்லை.
மூன்று நாளாகத் திறந்து திறந்து மூடுகிறேன்.

"இதையும் சுரண்டவா?" என்கிறான் டெட்லெஃப்.
ஜன்னலோரம் ஒரு முழத்தை விடச் சொன்னேன்.
விட்டதற்கும் சேர்த்துத்தான் கூலி என்றான்.
சரி என்றேன்.